தனித்தொட்டி

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவன் விளக்கைப் போடும் முன்பே அந்தச் சத்தத்தைக் கேட்டான். மழை இருட்டிக்கொண்டு வந்த மாலை. கூடத்தின் மூலையில் பெரிய கண்ணாடித் தொட்டி நீல வெளிச்சத்தில் நின்றது, மோட்டார் எப்போதும்போல முணுமுணுத்தது. அதற்கு நடுவே, யாரோ விரல் நகத்தால் கல்லைச் சுரண்டுவதுபோல மெல்லிய சரக், சரக். குனிந்து பார்த்தான். பழைய மீன்கள் எல்லாம் முறை வைத்தாற்போல ஒவ்வொன்றாக வந்து, பவளக் கல்லில் விலாவைத் தேய்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. புதிதாக வந்த கறுப்பு மீன் மட்டும் தேய்க்கவில்லை. அது நடுத் தண்ணீரில் அசையாமல் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கடல்மீன் தொட்டி அவன் மனைவியுடையது. அவன் லிஃப்ட் மெக்கானிக். மீனைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அவள் போட்டிருந்த சட்டம் மட்டும் தெரியும். புது மீன் எதுவானாலும் நேரே கூடத்துக்கு வரக் கூடாது. பின்பக்க அறையில் ஒரு வெற்றுத் தொட்டி உண்டு; மண் கிடையாது, கல் கிடையாது, ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பைப் மட்டும். வாரக்கணக்கில் அதில் கிடந்து, நோய்நொடி இல்லை என்று ஆன பிறகுதான் மற்ற மீன்களோடு சேர்க்கை.

"பாவம்டி, ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு" என்று அவன் கிண்டல் செய்வான்.

"பாத்தா நல்லாத்தான் இருக்கும். உள்ள என்ன சுமந்துட்டு வந்திருக்குன்னு அதுக்கே தெரியாது" என்பாள்.

அப்படிப்பட்டவளைத்தான் காய்ச்சல் கண்டதும் ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. அதன் வழியாகத்தான் அவனும் மகளும் பார்த்தார்கள். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள், ஏதோ சொன்னாள், வாய் அசைந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். அந்த ஆற்றாமை அவனுக்கு அடங்கவே இல்லை.

மகளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் அப்படி வெடிப்பாள். அம்மா போன பிறகு பட்டாசு நமத்துப் போனது. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். இவளை எப்படியாவது பேச வைக்க வேண்டும் என்றுதான் மீன் கடைக்கே அழைத்துப் போனான். கறுப்பு மீனை அவள்தான் காட்டினாள்.

"வீட்டுல தனியா வெச்சுப் பாப்பீங்கல்ல சார்?" என்றார் கடைக்காரர்.

"பின்னே? வீட்டம்மா போட்ட சட்டமாச்சே" என்று கூசாமல் சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்து பின்னறைக் கதவைத் திறந்தான். அந்த வெற்றுத் தொட்டியைக் கண்டதுமே அவனுக்குக் கால் எழவில்லை. பட்டாசு மீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அது தனியாப் பயப்படும்ப்பா" என்றாள்.

போதாதா? பழுது பார்த்த லிஃப்டைக் காலியாக ஓட்டிப் பார்க்காமல் ஒரு ஆளை ஏற்ற மாட்டான். அத்தனை கறாரான மனுஷன், பையை அவிழ்த்து மீனை நேராகக் கூடத்துத் தொட்டியில் விட்டான். பட்டாசு உள்ளே கையை விட்டு அதன் முதுகைத் தடவினாள். தடவிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் கடலையே கொண்டுவந்து கூடத்தில் கொட்டியிருப்பான்.

மீன்கள் தேய்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். தேய்த்தவை ஒளியத் தொடங்கின. விளக்கைப் போட்டால் கல்லிடுக்கில் பதுங்கின. தீனியைத் தொடவில்லை. மேலெல்லாம் மாவு பூசியதுபோல ஒரு மெல்லிய தூள். அப்புறம் ஒவ்வொன்றாக மிதந்தன. அவள் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவை. பிளாஸ்டிக் வலையில் அள்ளும்போது அவன் வாய்விட்டே அழுதான்.

கடைக்காரருக்குப் போன் போட்டான். அவர் கேட்ட அடையாளம் எல்லாம் சரியாக இருந்தது.

"தொட்டியே போச்சு சார். புதுசு நல்லாத்தான் இருக்கும், அதுதான் கொண்டு வந்திருக்கும்."

"மனுஷங்களுக்கு ஒட்டுமா?"

"சேச்சே! மீன் சீக்கு மனுஷனுக்கு எப்படி சார் வரும்? நல்லாக் கேட்டீங்க போங்க" என்று சிரித்தார்.

அவனும் சிரிக்கப் பார்த்தான். காரணம் இல்லாமல் கேட்கவில்லை அவன். பட்டாசு அன்று காலை கதவு நிலையில் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அரிக்குதாடா என்றதற்கு இல்லை என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.

மறுநாள் அவன் திரும்பியபோது எல்லா ஜன்னல் திரையும் இழுத்து மூடிக் கிடந்தது. ஈரப் பாறை வாசனை. டேபிள் ஃபேன் முழு வேகத்தில் ஓடும் இரைச்சல். இருட்டில் அதன் முன்னால் பட்டாசு நின்றிருந்தாள், முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, முடி பின்னால் பறக்க. வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது.

"என்னடா செய்யற?"

"மூச்சு வரலப்பா."

சுவிட்சைத் தட்டினான். வீலென்று கத்திக்கொண்டு சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்தாள். அந்த ஒரு நொடி போதும். பிடரியில், காதுக்குப் பின்னால், மெல்லிய வெள்ளைத் தூள். விரலால் துடைத்து நாக்கில் வைத்தான். உப்பு.

அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஆஸ்பத்திரி என்று சொல்லக்கூட இல்லை, அவளே புரிந்துகொண்டாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கண்ணாடி ரூம்ல போட்டுருவாங்களாப்பா?" என்றாள்.

அவன் நின்றுவிட்டான்.

போயிருக்கலாம். போயிருக்க வேண்டும். பட்ட காலிலே படும் என்பது இதுதான். அவன் திரும்பிக் குளியலறைக்கு நடந்தான்.

குளியல் தொட்டியை நிரப்பி அவளை உட்கார வைத்தான். நல்ல தண்ணீர் பட்டதும் துடித்தாள். உடம்பு வில்லாக வளைந்தது. "உப்புப்பா. உப்பு." நனைந்த உடம்போடு, வழியெல்லாம் தண்ணீர் சொட்ட ஓடி, மீன் தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த கடலுப்பு வாளியோடு வந்தான். கொட்டினான். கலக்கினான். மேலும் கொட்டினான். அவள் மெல்லத் துவண்டு, முதுகைச் சரித்து, தண்ணீருக்குள் இறங்கினாள்.

மேலே வரவில்லை.

தூக்கப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள். குமிழி இல்லை. தவிப்பு இல்லை. தாடைக்குக் கீழே தோல் மட்டும் இரண்டு பக்கமும் மெதுவாகத் தூக்கித் தூக்கி அடங்கியது. பல நாளுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

கூடத்தில் அவன் தங்கையின் குரல் கேட்டது. தினமும் வேலை முடிந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவள். சாவி அவளிடமும் உண்டு. இடுப்பில் கைக்குழந்தை இருக்கும்.

"அண்ணா? என்ன இது, வீடெல்லாம் தண்ணி? பட்டாசு எங்க?"

எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"உள்ள வராத."

"அண்ணா, என்ன ஆச்சு? கதவைத் திற!"

"எதையும் தொடாத. பிள்ளையைத் தூக்கிட்டுப் போ. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், போயிரும்மா."

அவள் கதவை இடித்தாள். அழுதாள். குழந்தையும் அழுதது. அவன் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றான். பிறகு வாசல் கதவு சாத்தும் சத்தம். வெளியே மழைச் சத்தம் மட்டும் மிச்சம்.

தொட்டி ஓரத்தில் மண்டி போட்டான். முடி விரிந்து மிதக்க, பட்டாசு அடியில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

"அப்பா இங்கதான்டா இருக்கேன். தனியா விடமாட்டேன்."

தண்ணீருக்குள் கையை நீட்டினான். அவள் தலை திரும்பியது. மெதுவாக நெருங்கி வந்தாள். அவன் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக உதட்டால் தொட்டுப் பார்த்தாள்.

தீனி இல்லை என்று தெரிந்ததும், விலகிப் போனாள்.