இன்னொரு அர்த்தம்

"நெஞ்சுப் பக்கம் கிழிஞ்சிருச்சுங்க... கொஞ்சம் தைச்சுத் தர முடியுமா?"

மழைக்கு ஒதுங்கியவன் கேட்டதும் தையல் கடை பெஞ்சு கொல்லென்று சிரித்தது. மெஷினை நிறுத்தினாள் அவள். பெஞ்சுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கத்திரி. ஊசி, நூல், இறுக்கம் என்று எதைச் சொன்னாலும் இரட்டை அர்த்தம். முறைத்தால், "நான் துணியைத்தாம்மா சொன்னேன்" என்று நழுவுவார்கள். அதற்காகவே அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

"அந்த இன்னொரு அர்த்தத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்க. அப்புறம் தைக்கிறேன்."

அவன் விழித்தான். இமையில் மழைத்துளி... பொய் சொல்லத் தெரியாத கண்கள்!

"கரண்டு கம்பத்துல ஏறுறப்ப கொக்கி மாட்டி பாக்கெட் கிழிஞ்சதுங்க. வேற அர்த்தம் எனக்குத் தெரியாது."

கொட்டும் மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

"பாவம்மா, நிஜமாவே கிழிஞ்சிருந்துச்சு" என்றார் வெட்டுமேசையில் நின்ற அப்பா.

மறுநாள் எதிர்க் கம்பத்தில் அவன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை அவளுக்கு.

"லைன்மேன்! இறங்குங்க... சட்டையைக் குடுங்க."

தைத்தாள். மெஷினில் அல்ல, கையால், இழுத்தால் வந்துவிடும் ஓட்டுத் தையலாக. ஏன் அப்படிச் செய்தாள்? ஊசியைத்தான் கேட்க வேண்டும்.

பாக்கெட் பிரிந்தது. அவன் வந்தான். மறுபடி தைத்தாள். மறுபடியும் பிரிந்தது...

"என்னங்க, உங்க தையல் மட்டும் நிக்கவே மாட்டேங்குது?"

"நூல் சரியில்லைங்க."

அவன் மெல்லச் சிரித்தான். "அந்த இன்னொரு அர்த்தத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்க."

அவளுடைய சட்டம்... அவளுக்கே! பெஞ்சு வாயைப் பிளந்தது. அப்பாவின் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. 'நான் நூலைத்தான் சொன்னேன்'... நாக்கு நுனி வரை வந்தது. ச்சே, இந்த பெஞ்சு மாதிரி நானும் நழுவுவதா?

எழுந்து நின்றாள்.

"நீங்க திரும்பத் திரும்ப வரணும்னுதான் இறுக்கித் தைக்கல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. போதுமா?"

எல்லாவற்றிலும் இரட்டை அர்த்தம் தேடும் பெஞ்சுக்கு, இந்தப் பேச்சில் ஒரே அர்த்தம்தான் கிடைத்தது!

அப்பா கனைத்தார். "தம்பி, சட்டையை இங்க குடு. நான் மெஷின்ல அடிச்சுத் தரேன்."

"இருங்க மாமா" என்றான் அவன். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"மாமாவா?" என்றார் அப்பா.

அவன் அவளைப் பார்த்தான்.

"அந்தத் தையல் தானா பிரியலைங்க... ஒவ்வொரு தடவையும் நான்தான் பிரிச்சேன்."