எந்தக் கொவோஜெய்?

போஸ்னான் நகரத்தில், கலினாவின் வகுப்பில் கொவோஜெய் என்ற குடும்பப் பெயர் அவளுக்கு மட்டும்தான். அப்பாவின் சொந்த ஊரிலோ பேருந்து ஓட்டுநர் கொவோஜெய், ரொட்டிக் கடைக்காரர் கொவோஜெய், பாதிரியாரும் கொவோஜெய். கொவோஜெய் என்றால் சக்கரம் செய்கிறவர். முன்பு ஊரே வண்டிச் சக்கரம் செய்ததாம். இப்போது சக்கரம் செய்ய ஆளில்லை. பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

அன்று நவம்பர் முதல் தேதி. எல்லாரும் கல்லறைகளுக்கு விளக்கு வைக்கும் நாள். ஆண்டுதோறும் பெரியப்பாதான் கலினாவையும் அப்பாவையும் அந்த ஊர்க் கல்லறைக்கு அழைத்துப் போவார். இந்த முறை அவர் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்தார்.

"தாத்தாவை இருட்டுல விட்டுடாதே, கலினா" என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்.

பிரான்ச்சிஷெக் கொவோஜெய் என்று தாத்தாவின் பெயர் எழுதிய கல்லை அப்பாவும் கலினாவும் பளபளவென்று துடைத்தார்கள். கொண்டுவந்த ஒரே கண்ணாடி விளக்கை ஏற்றினார்கள். பின்னாலிருந்து ஒரு பெண்மணியின் குரல் கேட்டது.

"நல்லாத்தான் துடைச்சிருக்கீங்க. ஆனா இவர் எங்க தாத்தா. நீங்க எந்தக் கொவோஜெய்?"

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சிறு வயதிலேயே ஊரைவிட்டுப் போன அப்பாவுக்குத் தங்கள் வீட்டின் பட்டப்பெயர் தெரியாது.

"வருஷா வருஷம் வர்றோமேப்பா. இடம் ஞாபகமில்லையா?"

"நான் அண்ணன் முதுகைப் பார்த்துக்கிட்டே வருவேன்" என்றார் அப்பா.

அவர் விளக்கைத் திரும்ப எடுக்கக் குனிந்தார்.

"இருக்கட்டும்ப்பா, ஏத்தியாச்சு. அவரும் கொவோஜெய்தானே" என்றாள் கலினா.

கொண்டுவந்த சாமந்திப் பூத்தொட்டியோடு தாத்தாவின் கல்லைத் தேடினார்கள். இன்னும் இரண்டு பிரான்ச்சிஷெக் இருந்தார்கள். கற்களில் பிறந்த, இறந்த ஆண்டுகள் மழையில் அழிந்திருந்தன. விளக்கில்லாத கல்தான் நம்முடையது என்று நினைத்திருந்தாள் கலினா. ஆனால் இரண்டிலும் விளக்கு எரிந்தது. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அப்போது கூடை நிறைய விளக்கோடு ஒரு சிறுமி போனாள். யாரும் வராத கல்லறைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் சார்பில் அவள் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். கலினாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஓடிப்போய் அவளை நிறுத்தினாள்.

"ஆள் வரலைன்னு எந்தப் பிரான்ச்சிஷெக்குக்காவது நீ விளக்கு வச்சியா?"

"வச்சேனே. வாத்துக்காரங்க தாத்தாவுக்கு. எப்பவும் ஒரு பெரிய மீசைக்காரர் வருவார். இன்னிக்கு வரலை."

"அந்த மீசை எங்க பெரியப்பாவோடது" என்றாள் கலினா. "அது ஏன் வாத்துக்காரங்க?"

"உங்க தாத்தா ஒருநாள் வாத்து துரத்தி, மரத்துல ஏறிட்டாராம். ஊரே வந்துதான் இறக்கிவிட்டுச்சாம்."

பாதிரியார் வீட்டுச் சுவர் ஓரமாக இருந்த கல்லில் அந்தச் சிறுமியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கலினா அதன் பக்கத்தில் சாமந்தியை வைத்தாள்.

பேருந்தில் ஓட்டுநர் பயணச்சீட்டைக் கிழித்துக்கொண்டே, எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்.

"கொவோஜெய்" என்றார் அப்பா.

"அது தெரியும். எந்தக் கொவோஜெய்?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் கலினா நிமிர்ந்து நின்றாள்.

"வாத்துக்காரங்க" என்றாள்.