ஒரே நம்பர்

நாச்சிமுத்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம்கூட முழுதாகத் தாண்டவில்லை. ஆனாலும் பந்தலூருக்கு அப்பால், கேரள எல்லையை ஒட்டியிருந்த அந்தச் செக்போஸ்ட்டைத் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்படியொரு மூடுபனி. தடுப்பு மரத்தின் ஒரு முனை தெரிந்தது, மறுமுனை தெரியவில்லை. எங்கோ ஃபேக்டரியில் பச்சைத் தேயிலை வாடும் வாசம் வந்தது.

கூடலூரில் ஓடும் லாரிக் கம்பெனி ஒன்றுக்கு அவர் மேனேஜர். எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அவர் மச்சினன் சின்னராஜ் இந்த வழியாகக் கொச்சிக்குப் போகிறான். செக்போஸ்ட்டில் புது இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார் என்று தகவல். கூட நின்று தாண்டவிடலாம் என்று வந்திருந்தார். காலையில் பர்மிட்டை நாலாக மடித்துச் சின்னராஜின் சட்டைப்பையில் செருகி அனுப்பியதும் அவர்தான்.

தடுப்பு மரத்தைத் தூக்கி இறக்கும் மோசஸ் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, உங்களுக்குத் தைரியம் ஜாஸ்திதான். இப்பல்லாம் ரெண்டையும் ஒண்ணாவே விடுறீங்களே."

"எந்த ரெண்டு?"

"எங்கிட்டயேவா? ஒரே நம்பர் வண்டி ரெண்டையுந்தான். சின்னராஜ் போயி ஒரு பீடி குடிக்கிற நேரத்துல அடுத்தது வந்து நிக்குது. நான் கண்டுக்கறதில்ல. இன்னிக்கு உள்ள ஆள் இருக்காரு, அதான் சொல்றேன்."

நாச்சிமுத்து ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

எமர்ஜென்சி முடிந்த வருடம் அது. ஒரு லாரிக்கு இரண்டு மாநிலத்திலும் வரி கட்டிப் பர்மிட் வாங்குவதற்குள் நாக்கு தள்ளிவிடும். நாச்சிமுத்து குறுக்குவழி கண்டுபிடித்தார். ஒரே ஜாடையில் இரண்டு லாரி, இரண்டுக்கும் ஒரே நம்பர், ஒரே வரி. கட்டுப்பாடு ஒன்றுதான்: ஒன்று ஷெட்டுக்குத் திரும்பாமல் இன்னொன்று கிளம்பக் கூடாது. மூளைக்காரர் என்று முதலாளியே அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

போன ஆடி மழையில் அந்த இரண்டில் ஒன்று, ஃபேக்டரிக்கும் செக்போஸ்ட்டுக்கும் நடுவில் உள்ள வளைவில் பள்ளத்துக்குள் போய்விட்டது. ஓட்டியவன் ஆறுக்குட்டி. முதலில் இறங்கிப் பார்த்தது நாச்சிமுத்துதான். உயிர் இல்லை. போலீசுக்குச் சொன்னால் இரட்டை நம்பர் வெளியே வரும், கம்பெனி போகும், தானும் உள்ளே போக வேண்டும். நம்பர் பலகையைக் கழற்றிக்கொண்டார். வண்டியையும் உள்ளே இருந்தவனையும் உண்ணிச்செடிகளை வெட்டிப் போட்டு மூடினார். ஆறுக்குட்டியின் மனைவி மரகதத்திடம், "கேரளாவுல எவளோ கெடச்சுட்டாளாம், அங்கயே தங்கீட்டான்" என்று சொல்லிவிட்டார். எப்படித்தான் மனசு வந்ததோ! அவள் இன்னும் ஷெட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகிறாள்.

"அந்த ரெண்டாவது வண்டி... ஓட்டறது யாரு?"

"என்னண்ணே, தெரியாத மாதிரி? ஆறுக்குட்டிதான். அந்த எடதுபக்க லைட்டை இன்னும் சரி பண்ணல. மழையே இல்லாத நாள்லயும் மனுசன் தொப்பலா நனைஞ்சிருக்காரு. கேட்டா பேச மாட்டேங்கறாரு."

பனிக்குள்ளிருந்து ஹாரன் கேட்டது. எருமை கத்துவதைப் போன்ற கனத்த சத்தம். சின்னராஜின் வண்டி.

அதன் பின்னாலேயே இன்னொன்று. கீச்சென்று, இழுவையாக.

அந்தச் சத்தத்தையும் நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

டீ கிளாஸோடு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "நீங்கதான் மேனேஜரா? ஒரே நம்பர்ல ரெண்டு லாரி ஓடுதுன்னு புகார் வந்திருக்கு." காது கொடுத்துக் கேட்டார். "பின்னால வர்றவன் ரொம்ப நெருக்கறானே. அந்த வளைவு மோசம். ரெண்டும் உங்க வண்டின்னா சொல்லிடுங்க. ஜீப்பை அனுப்பி முன்னால வர்றவனை ஒதுக்கி நிறுத்தச் சொல்றேன்."

கனத்த ஹாரன் விடாமல் அலறியது. வழி கேட்கும் சத்தமில்லை அது. உதவிக்குக் கூப்பிடுகிற சத்தம்.

சின்னராஜைத் தாயில்லாப் பிள்ளையாகத் தூக்கி வளர்த்தவள் அவர் மனைவி. 'ரெண்டு' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் பிழைப்பான். சொன்ன மறுநிமிடம் இரண்டாவது வண்டியின் கதையைத் தோண்டுவார்கள், பள்ளத்தில் இறங்கித் தேடுவார்கள். அங்கே ஆறுக்குட்டி இருப்பான்.

மோசஸ் அவர் முகத்தையே பார்த்தான்.

"எத்தனை வண்டிங்க?"

"ஒண்ணுதாங்க சார்."

கனத்த ஹாரன் பாதியில் அறுந்தது.

மோதல் சத்தம் இல்லை. பிரேக் சத்தம் இல்லை. ஈர மண்ணும் அழுகிய தழையும் கலந்த வாடை மட்டும் மெல்ல வந்தது.

பிறகு ஒரு வெளிச்சம்.

வலதுபக்க விளக்கு மட்டும்.

சொட்டச் சொட்ட ஒரு லாரி வந்து தடுப்பு மரத்தின் முன் நின்றது. ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது. விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. நாலாக மடித்த பர்மிட் அந்த விரல்களில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஈரத்தை உதறிப் படித்தார், நம்பரைப் பார்த்தார், முத்திரை குத்தினார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரு வண்டிதான்" என்று உள்ளே போய்விட்டார்.

இருட்டான இருக்கையிலிருந்து, ஆறுக்குட்டி எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டான்.

"அப்ப கெளம்பட்டுங்களா?"

நாச்சிமுத்துவின் தலை தானாக ஆடியது. மரம் மேலே போனது.

அவர் வளைவுக்கு ஓடினார். பள்ளத்தில் உண்ணிச்செடிகள் விலகிக் கிடந்தன. பழைய லாரி அங்கே இல்லை. சின்னராஜின் லாரிதான் கவிழ்ந்து கிடந்தது. உடைந்த பெட்டிகளிலிருந்து தேயிலை கொட்டியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இறங்கிப் பார்த்தார். இவனுக்கும் உயிர் இல்லை. வண்டியின் முன்பக்கத்தில் நம்பர் பலகை இருந்த இடம் காலியாக இருந்தது.

யாரிடம் போய் என்னவென்று சொல்வது? அந்த நம்பர் வண்டி முத்திரை வாங்கிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. அவரே தலையாட்டி அனுப்பியிருக்கிறார்.

இரண்டு நாளாக மனைவி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். "ஏனுங்க, தம்பி இன்னும் காணமுங்களே?"

நாச்சிமுத்து சுவரைப் பார்த்தார். அந்த வார்த்தைகள் வாயில் தயாராக இருந்தன.

"கேரளாவுல எவளோ கெடச்சுட்டாளாம். அங்கயே தங்கீட்டானாம்."

அப்போது பக்கத்து ஷெட்டுக்குள் லாரி நுழையும் சத்தம் கேட்டது. ஒற்றை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து நகர்ந்தது.

"பொய் சொல்றீங்க! அதா, தம்பி வந்துட்டான்" என்று அவள் சிரித்தபடி வெளியே ஓடினாள்.

நின்றது ஒரு வண்டிதான். ஹாரன் இரண்டு கேட்டது. முதலில் கீச்சென்று ஒன்று. பிறகு, எருமை கத்துவதைப் போல.