பூங்கோதையின் இன்றைய விலை

பல் விளக்கும் முன் பிள்ளையின் விலையைப் பார்ப்பது செவ்வாய்க் கோளில் எல்லாத் தாய்மார்களும் செய்கிற காரியம்தான். சேர்மக்கனியும் பார்த்தாள். இரண்டு முறை கண் சிமிட்டியதும், பிறந்தவுடன் விழியில் பொருத்தப்படும் கண்வில்லை எண்ணைக் காட்டியது. பூங்கோதை, முப்பத்தாறு காசு. நேற்று நாற்பது.

கணக்கு எளிது. அன்றைய டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் மகள் ஜெயித்தால் ‘ஆம்’ சீட்டுக்கு ஒரு ரூபாய் கிடைக்கும். தோற்றால் ‘இல்லை’ சீட்டுக்கு. முப்பத்தாறு காசு என்பது அந்த ‘ஆம்’ சீட்டின் இன்றைய விலை. நடக்கப்போவது எதுவானாலும் அதற்கு ஒரு கணிப்புச் சந்தை உண்டு. மழை மட்டும் கிடையாது, ஏனென்றால் அங்கே மழை பெய்வதில்லை. மகள் ஜெயிப்பாளா என்பது சேர்மக்கனியின் கவலை இல்லை. அவள் தோற்பதற்கு எந்தத் தளத்தில் பணம் கட்டுவது என்பதுதான் கவலை.

இதில் யாரும் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. அதற்கு ஆறுதல் பந்தயம் என்று பெயர். பெற்றவர்கள் பிள்ளைக்கு எதிராகப் பணம் கட்டுவார்கள். தோற்றால் கையில் காசாவது மிஞ்சுமே. கட்டாதவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று ஊர் பேசும்.

சேர்மக்கனியின் தம்பி லிங்கதுரை காலையிலேயே வந்து முன்னறி, ஊர்வாய், துலா என்ற மூன்று தளங்களையும் சுவரில் விரித்து வைத்திருந்தான்.

“முன்னறியில கமிஷனே கெடையாதுக்கா. ஆனா ஆட்டக்காரி பாதியில விலகிட்டா, போட்ட காச மட்டும் திருப்பிக் குடுப்பான். ஊர்வாயில ஒரு செட்டாவது முடிஞ்சிருக்கணும். துலாவுல மொத பந்து அடிச்சாப் போதும். விலகினாலும் தோத்த கணக்குதான். கமிஷன் கொஞ்சம் கூட.”

“அப்போ துலாவுலயே போடு மாப்பிள்ள” என்றார் தவசிமுத்து, பூங்கோதையின் அப்பா. “முழங்காலு நேத்து வீங்கிக் கெடந்துச்சு. முழுசா ஆட மாட்டா.”

“ஒத்தடம் வச்சவ நான்தான? எனக்குத் தெரியாதா?” என்றாள் சேர்மக்கனி.

இரவெல்லாம் பாசத்தோடு வைத்த ஒத்தடம் அது. அந்தப் பாசத்தில் பொய் இல்லை. காலையில் அது சந்தைத் தகவலாகிவிட்டது, அவ்வளவுதான்.

பூங்கோதை மூலையில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். “எப்பா, நான் இங்கனதான் இருக்கேன்.”

“ஒன்ன யாரு இப்ப என்ன சொன்னா? நீ பாட்டுக்கு வெளையாடு. எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்.”

“எந்தக் காசப் போடுதிய?”

அந்த வீட்டில் ஒரே ஒரு காசுதான் இருந்தது. தவசிமுத்து பனிச்சுரங்கத்தில் வருடக்கணக்காக இரட்டை ஷிப்டு பார்த்துச் சேர்த்த கப்பல் கட்டணம். இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கிறவளுக்குப் பூமியில் விளையாட்டுக் கல்லூரி இடம் தரும். படிப்பு இலவசம், சாப்பாடு இலவசம். போகிற செலவு மட்டும் அவரவர் பாடு.

“தோத்துட்டா கப்பல் காசு எதுக்குட்டி?” லிங்கதுரை பொறுமையாக விளக்கினான். “சும்மா கெடக்குற காசு ஒண்ணுக்கு ஒண்ணரையா வரும். ஒன் கல்யாணத்துக்கு ஆச்சு.”

“ஜெயிச்சிட்டா?”

அவன் சிரித்தே விட்டான். “துலாவே ஒன்னய முப்பத்தாறுங்குது. அதவிட ஒனக்கு ரொம்பத் தெரியுமோ?”

மூன்று தளங்களின் விதிகளையும் வரிவரியாகப் படித்த அந்த மூன்று பேரும் ‘ஜெயிச்சிட்டா?’ என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளவே இல்லை. கப்பல் காசு முழுவதும் துலாவில் ‘இல்லை’ சீட்டானது.

எதிரி, நிர்வாகக் குடியிருப்பின் ஹானா. குறைந்த ஈர்ப்பில் பந்து கூரை வரை எழும்பும். இறங்கும்வரை காத்திருந்து அடிக்க வேண்டும். பூங்கோதைக்குக் காத்திருந்து பழக்கம். முதல் செட்டை இழந்தாள். இரண்டாவதில் கால் மடங்கி விழுந்தாள். அரங்கில் அவள் தெருக்காரர்கள் பூராவும் எழுந்து கைதட்டினார்கள். எல்லோரும் துலாவில் ‘இல்லை’ போட்டிருந்தார்கள். அவள் எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த செட்டை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சேர்மக்கனியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “நல்லாத்தான இருந்தா. கடைசியில இப்படிப் பண்ணிட்டாளே.”

தவசிமுத்து மகளை நிமிர்ந்து பார்த்தார். “முழங்காலு வலிக்கலியாம்மா?”

“வலிச்சுதுப்பா.”

“பெறவு ஏன் ஆடின?”

கல்லூரியின் அழைப்பு மறுநாளே வந்தது. கப்பல் பதினைந்து நாளில். அதை விட்டால் இரண்டு கோள்களும் மறுபடி நெருங்கி வர இரண்டு வருடத்துக்கு மேலாகும். அதற்குள் கல்லூரியின் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். துலாவும் சும்மா இருக்கவில்லை. புதிய சந்தை திறந்தது: பூங்கோதை கப்பல் ஏறுவாளா? ‘ஆம்’ தொண்ணூற்று நான்கு காசு. கிடைத்த இடத்தை எவளாவது விடுவாளா என்று கோள் முழுக்க நினைத்தது. ‘இல்லை’ வெறும் ஆறு காசு.

பூங்கோதை கடன் கேட்கக் கிளம்பினாள். முதலில் மாமா வீடு.

“வீட்டுல சுத்தமா காசு இல்ல மாமா. நீங்க குடுத்தாத்தான் போக முடியும். போய்ச் சேர்ந்ததும் பகுதி நேர வேலை பாத்து அனுப்பிருவேன்.”

லிங்கதுரை கவனமாகக் கேட்டான். “அப்ப யாருகிட்டயும் காசு இல்ல?”

“இல்ல மாமா.”

“பாக்கலாம்ட்டி. ரெண்டு நாள்ல சொல்லுதேன்.” சொல்லிவிட்டு இரண்டு முறை கண் சிமிட்டினான்.

அடுத்த வீட்டு வாசலை அடைவதற்குள் அவள் விலை எண்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

பயிற்சியாளர் எஸ்தர் அவளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுத்தார். “கர்த்தர் வழி காட்டுவார் கண்ணு” என்றார். கதவு மூடியதும் எழுபத்தொன்று. சுரங்கச் சங்கத்தின் செயலாளர் தேநீர் கொடுத்து உட்காரவைத்து, வேறு யாரிடமெல்லாம் கேட்டாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அக்கறையாக விசாரித்தார். ஐம்பத்திரண்டு. கடன் கொடுத்தால் கொடுத்த காசுதான் திரும்பும். கொடுக்காமல் இருந்தால் பல மடங்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தட்டிய ஒவ்வொரு கதவிலும் தான் போக முடியாது என்ற செய்தியை அவளே நேரில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசித் தெருவில் ஒருத்தி கதவைத் திறக்கும்போதே சிமிட்டிக்கொண்டுதான் திறந்தாள். பூங்கோதை ஒன்றும் கேட்காமல் திரும்பினாள்.

வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். போட்ட காசை இழந்தவர்களுக்குத் துலா கடனாகத் தருகிற ஆறுதல் சீட்டு ஒன்று உண்டு. அது அம்மாவின் கண் முன்னால் மிதந்தது.

“எம்மா, வேண்டாம். நீயுமா?”

“போட்ட காசு திரும்பணும்ல மக்கா.” சேர்மக்கனி கண்ணீரைத் தள்ளச் சிமிட்டினாளா, வாங்கச் சிமிட்டினாளா என்பது அவளுக்கே தெரியாது. ‘இல்லை’ சீட்டு வாங்கியாகிவிட்டது.

பூங்கோதை ஏறாத கப்பல் கிளம்பிய நொடியில் சந்தைக் கணக்கு தீர்ந்தது. கடன் போக, கப்பல் கட்டணம் முழுசாக வீடு வந்து சேர்ந்தது. மேற்கொண்டும் கொஞ்சம் வந்தது. தெருவில் எல்லோர் கணக்கிலும் வந்தது. எஸ்தர் புது மூச்சுக்கருவி வாங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடிப் பாராட்டு விழா எடுத்தது. கூடாரத்தின் உயரத்துக்கு ஒளிப்பலகை வைத்து, நடுவில் பூங்கோதை மட்டையோடு சிரிக்கும் படம் போட்டார்கள். ‘நம் மண்ணின் மகளே’ என்று எழுதி, கீழே செலவு பகிர்ந்தவர்களின் முகங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சால்வை மேல் சால்வையாகப் போட்டதில் அவள் கழுத்து நிமிரவில்லை. வாழ்த்திப் பேசியது லிங்கதுரை.

“பூமியே கூப்பிட்ட பிள்ள இது. கப்பல் வந்து வாசல்ல நின்னுச்சு. ஆனா பெத்தவங்களையும் நம்ம சனத்தையும் விட்டுட்டுப் போக மனசு வராம, இங்கேயே இருந்துட்டா. இதுதாம்யா நம்ம பொம்பளப் பிள்ள!”

முன்வரிசையில் தவசிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.