தரையில் வைத்த கோப்பை

துருக்கியின் இஸ்மிர் நகரத்து மழையை நம்பக் கூடாது. வெயில் காயும்போதே கொட்டிவிடும். அப்படிக் கொட்டிய ஒரு மாலையில்தான், தையற்கூடம் விட்டு வந்த தியாப் மேல் ஒருத்தி ஓடிவந்து மோதினாள். தலைக்குக் குடையாக நான்கு லைஃப் ஜாக்கெட்டுகள்...

"கண்ண எங்க வச்சிட்டு வந்தீங்க?" என்றான்.

"உங்க மேல வைக்கல. அதான் இடிச்சிட்டேன்."

"நம்ம தெய்ர் எஸ்ஸோர் பேச்சு! அதான் வாய் நீளம்."

ஷஹ்லா சிரித்தாள். அவனைப் போலவே சிரியாவின் தெய்ர் எஸ்ஸோரிலிருந்து போருக்குத் தப்பி வந்தவள். தேன் நிறக் கண். இமையில் ஒரு மழைத்துளி... விழாமல் நின்றது.

சேற்றில் விழுந்த ஜாக்கெட்டை அவன் எடுத்தான். கைக்குழந்தை கனம் கனத்தது. உள்ளே இருந்த மெத்தை ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டது. ஓரத்தில் இரட்டை முடிச்சு. அவன் போடும் முடிச்சு.

"நாளன்னைக்கு கிரீஸுக்குப் படகு. அப்பா, நான், தம்பிங்க ரெண்டு பேரு. அதுங்களுக்கு நீச்சல் தெரியாது."

அதற்குமேல் அந்தக் கண்ணை அவனால் பார்க்க முடியவில்லை. அடுத்த படகில் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் இடம் தருவதாகத் தையற்கூட முதலாளி சொல்லியிருந்தான். வாயைத் திறந்தால் அது போச்சு. ஜாக்கெட்டுகளை அவள் அறைவரை சுமந்தான். வாசலிலேயே திரும்பிவிடத்தான் நினைத்தான், கோழை.

அவள் அப்பா ஹம்தான் உட்காரச் சொன்னார். ஷஹ்லா காபி கொண்டுவந்தாள். வாங்கியவன் குடிக்காமல் தரையில் வைத்தான்.

எங்கள் தெய்ர் எஸ்ஸோர் பக்கம், ஒன்றைக் கேட்டு வந்தவன், கேட்டது கிடைக்கும்வரை காபியைத் தொட மாட்டான். ஹம்தானின் புருவம் ஏறியது.

"பாத்து அரை மணி ஆகல. அதுக்குள்ள பொண்ணு கேக்குறியா தம்பி?"

கதவோரம் ஷஹ்லாவின் காது சிவந்தது...

"பொண்ணு இல்ல பெரியவரே. இதப் போட்டுக்கிட்டுப் போகாதீங்க. முங்கிடும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் தச்சேன்."

வாளித் தண்ணீரில் ஒன்றை அமுக்கிக் கையை எடுத்தான். அது மேலே வரவில்லை.

"இது மாதிரி எத்தனை தச்ச?"

"எண்ணல." தலை நிமிரவில்லை. "எண்ணப் பயந்துக்கிட்டே எண்ணல."

"எந்திரிச்சுப் போ."

மறுநாள் மதியம் கிழிந்த உதட்டோடு வந்து நின்றான். ஜாக்கெட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னதற்கு முதலாளியின் ஆட்கள் கொடுத்தது. படகில் இடமும் போயிற்று. கையில் நல்ல ஜாக்கெட் இரண்டு. அவனுக்கும் அம்மாவுக்கும் என்று வைத்திருந்தவை. அம்மா ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

ஷஹ்லா மறுபடி காபி வைத்தாள். அவன் மறுபடி தரையில் வைத்தான்.

ஹம்தான் இரண்டையும் வாளியில் அமுக்கிப் பார்த்தார். இரண்டும் மேலே வந்தன.

"பயலுகளுக்கு ஆச்சு. எங்க ரெண்டு பேருக்கும் நல்லதா கிடைக்கிறவரைக்கும் போகல. கேட்டது குடுத்தாச்சு. குடி." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தொழுகைக்கு எழுந்து போனார்.

தியாப் கோப்பையை உதடுவரை கொண்டுபோனான். திரும்பக் கீழே வைத்தான்.

"இன்னொண்ணு கேக்கணும்... கேக்க எனக்கு முகமில்ல."

ஷஹ்லா தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நேத்து கோப்பைய வச்சப்ப, என்னையத்தான் கேக்குறீங்கன்னு நினைச்சேன். எனக்குக் கோவம் வரல. நீங்க தச்சதச் சொன்ன பிறகும்... முழுசா வரல. அதுக்கே ராத்திரியெல்லாம் வெக்கமா இருந்துச்சு."

அவன் கண் கலங்கியது.

"முகம் வந்தப்புறம் கேளுங்க," என்று கோப்பையை உள்ளங்கையால் மூடினாள். "இது இங்கயே இருக்கும்."