ஒன்றுக்கு ஐந்து

பட்டணத்துக்குப் போகிற மனுஷன் பல்செட்டை விட்டுவிட்டா போவான்? அடுப்படிக் குவளைத் தண்ணீரில் அது கிடந்ததை டல்சி பார்த்துவிட்டாள். புருஷன் ஆல்ஃபி போய் மூன்று நாளாகிறது.

"பாய்லருக்கு வால்வு வாங்கப் போயிருக்கான், வந்துருவான்," என்றான் கொழுந்தன் வின்ஸ்.

"பல்லில்லாம ஆட்டுக்கறியை எப்படித் திம்பாரு?"

"சூப்பு குடிப்பான். நீ போய்த் தைல இலையைக் கட்டு."

அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் என்ன கூறுகெட்டவளா? தைலம் காய்ச்சி வயிறு வளர்த்தது போதும், மாலி என்கிற இந்தத் தைலமரக் காட்டை வேரோடு பெயர்த்துவிட்டுக் கோதுமை போடலாம் என்று ஆல்ஃபி சொன்னதற்கு, போன வாரம் கோடரியைத் தூக்கிக்கொண்டு நின்றவன்தானே இவன்.

மத்தியானம் வின்ஸ் கொட்டகையில் பாய்லருக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தபோது அவள் பின்காட்டுக்கு நடந்தாள். காய்ந்த பட்டை காலடியில் நொறுங்க, வெயிலில் வெந்த தைல வாசனை தொண்டையைக் காற, தரையோடு வெட்டிவிட்ட கட்டைகளிலெல்லாம் ஒன்றுக்கு ஐந்தாகப் புதுத்தண்டு கிளம்பி இடுப்புயரத்துக்கு நெருங்கி நிற்க, ஒரு குருவிகூடச் சத்தம் போடவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

ஓரிடத்தில் சிவப்பு மணல் கிளறிக் கிடந்தது. மேலே அள்ளிப்போட்ட சருகு. ஆள் நீளம்.

முட்டி போட்டு மணலை வாரினாள். ஆல்ஃபி இதற்குள் இருக்கக் கூடாது. எங்கேயாவது குடித்துவிட்டுக் கிடக்கட்டும், பொக்கை வாயோடு வந்து நிற்கட்டும், உயிரோடு இருந்தால் போதும்.

"டல்ஸ், டீ ஆச்சா?"

நிமிர்ந்தாள். மணலின் மறுமுனையில், இடுப்புவரை புதர் மறைக்க, ஆல்ஃபி.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பாவி மனுஷா, எங்கே போய்த் தொலைஞ்சே?"

அவன் உடம்பு சில்லென்று இருந்தது. பச்சை இலை வாசனை. சிரித்தான். வாய் நிறையப் பல். சின்னச் சின்னதாக. புதுசாக.

"டல்சி, கையை விடு. இந்தப் பக்கம் வா." பின்னால் வின்ஸ் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் வெட்டினேன். என் கையாலதான் வெட்டிப் புதைச்சேன்."

அவள் கையை இழுத்தாள். ஆல்ஃபியின் விரல்கள் விடவில்லை.

"டல்ஸ், டீ ஆச்சா?"

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆல்ஃபி எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன்.

நாலு.

ஐந்து.

ஒருவனும் அடியெடுத்து வைக்கவில்லை. டல்சி கீழே பார்த்தாள். பத்துக் காலும் ஒரே குழிக்குள் இறங்கியிருந்தன. அவையெல்லாம் கூடுகிற இடத்தில், மண்ணுக்குள், அவள் புருஷனின் முகம் மல்லாந்து கிடந்தது. கண் திறந்திருந்தது. அது மட்டும்தான் அழுதுகொண்டிருந்தது.