கால் சுற்று

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10.

மலர்விழியைப் படகிலிருந்து இறக்கி மணலில் கிடத்தியபோது, அவள் முதுகில் கட்டியிருந்த டேங்கில் முக்கால்வாசிக் காற்று மிச்சமிருந்தது. ஆனாலும் அவள் மூழ்கிச் செத்திருந்தாள். வயது இருபத்தாறு.

இன்ஸ்பெக்டர் பவானிக்கு முதல் எரிச்சல் இதில்தான். தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தவள் தாகத்தால் செத்தாள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? பவானி திண்டிவனத்துக்காரி. நீச்சல் தெரியாது. கடலைக் கண்டால் நாலு அடி தள்ளித்தான் நிற்பாள். அவளுக்கா இந்தக் கேஸ் வர வேண்டும்!

ஏட்டு ராயப்பன் மணலில் குந்தி மகஜர் எழுதிக்கொண்டிருந்தார். எறும்பு குறுக்கே போனாலும் அதையும் எழுதிவிடுகிற மனிதர்.

"டேங்கின் வால்வு திறந்த நிலையில் உள்ளது. கையால் திருப்பிப் பார்த்ததில் மேற்கொண்டு கால் சுற்று திறக்கிறது" என்று வாய்விட்டுப் படித்தார்.

"இதெல்லாம் எதுக்கு, ராயப்பன்?"

"கண்ணுல பட்டுது, எழுதினேன் மேடம்."

"மல்லாட்டையை ஒடைச்சு உள்ள எத்தினி பருப்பு இருக்குதுன்னும் எழுதுவீங்க நீங்க" என்று சொல்லிவிட்டுப் பவானி விசாரணைக்குப் போனாள்.

காலை 10.30. குயிலாப்பாளையத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் டைவிங் சென்டர். உரிமையாளர் சித்தார்த்தனுக்கு நாற்பத்தைந்து வயது. வியர்த்து வழிந்தது.

"படகுல யார் யார் போனது?"

"ஓட்டுறதுக்கு ராஜவேலு. எங்கிட்ட வேலை பாக்குற மலர்விழி, சந்தோஷ். அப்புறம் நான். கூட கஸ்டமர் ஒருத்தங்க. அமலான்னு, விழுப்புரத்துல காலேஜ் லெக்சரர். இன்னிக்குத்தான் முதல் தடவையா இறங்குறாங்க."

"நீங்களும் போனீங்க?"

"ஆமா மேடம். ரிஜிஸ்டர்லகூட இருக்குது."

"பேண்ட்டு மடிப்புகூடக் கலையல. எந்தக் கடல்ல இறங்கினீங்க?"

சித்தார்த்தன் உட்கார்ந்துவிட்டார். போகவில்லை, பேரை மட்டும் எழுதியிருக்கிறார். புதிதாக இறங்குபவர்களோடு இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும் என்பது விதி. அங்கே அந்தத் தகுதி அவருக்கு மட்டும்தான் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு என்ன தகுதி?"

"இதுல ஒவ்வொரு படிக்கும் ஒரு கார்டு மேடம். முதல் கார்டு இருந்தா பதினெட்டு மீட்டர் ஆழம் போலாம். ரெண்டாவதுக்கு முப்பது. மூணாவது ரெஸ்க்யூ. நாலாவது வாங்கினா, கார்டு வெச்சிருக்கிறவங்களை வழிநடத்திக் கூட்டிக்கினு போலாம். அதுக்கும் மேலதான் இன்ஸ்ட்ரக்டர். மலர்விழிகிட்ட மூணு இருக்குது. அடுத்த மாசம் நாலாவது பரீட்சை. கெட்டிக்காரப் பொண்ணுதான். என்னமோ பயந்துட்டா போல."

"ரெஸ்க்யூன்னா என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

"தண்ணிக்குள்ள யாராச்சும் பயந்துட்டா, அவங்களை அமைதிப்படுத்தி மேல கொண்டாற்றது."

"சரிதான். அந்தப் படிப்புப் படிச்சவதான் பயந்து செத்துட்டா. நல்லா இருக்குது கதை."

அடுத்தது சந்தோஷ். வயது முப்பத்தொன்று. மரக்காணம் பக்கத்துக் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. வளைகுடாவில் ஆறு வருஷம் கப்பல் அடிப்பாகம் சுரண்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். மலர்விழியோடு ஒரே வகுப்பில் சேர்ந்து கார்டு வாங்கினான். வைகாசியில் இருவருக்கும் கல்யாணம். அழுது அழுது அவன் முகம் வீங்கிக் கிடந்தது.

"நீதான் தூக்கினியா?"

"ஆமா மேடம். பதினோரு மீட்டர் ஆழம். தண்ணி கலங்கலா இருந்துச்சு. நான் முன்னாடி போய்க்கினு இருந்தேன். அவ அமலா மேடத்தைக் கூட்டிக்கினு பின்னாடி வந்தா. திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். வந்த வழியே வர்றேன், அந்த மேடம் மட்டும் நங்கூரக் கயித்தைப் புடிச்சிக்கினு நிக்கிறாங்க. தேடினேன். அடியில கெடந்தா."

"காத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு." மணலைப் பார்த்தபடி சொன்னான். "பயந்து, வாய்க்குழாயைத் துப்பிட்டா போல மேடம்."

படகு ஓட்டும் ராஜவேலுவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

"குதிக்கிறதுக்கு முன்னாடி சாமானெல்லாம் சரி பாத்தாங்களா?"

"பாத்தாங்கம்மா. மலர் அதுல ரொம்ப கண்டிசன். டேங்கைத் தொறந்து, காத்து மீட்டரைப் பாத்துக்கினே நாலு வாட்டி மூச்சு இழுத்துப் பாத்துச்சு. அப்புறம் படகு ஓரத்துல குந்திக்கிச்சு, முதுகு கடல் பக்கம். சந்தோஷ் எதுர்ல போய் நின்னு, அதும் தோளுக்கு மேல கையைப் போட்டான். கட்டிக்கப் போறவங்களாச்சேன்னு நான் மொகத்தைத் திருப்பிக்கினேன். அப்புறம் தொப்புன்னு தண்ணியில வுழுந்த சத்தம் கேட்டுச்சு."

"கரைக்கு வந்தப்புறம் டேங்கை யார் தொட்டது?"

"மூணு பேருந்தாம்மா. முதலாளி, நான், சந்தோஷ். சேந்துதானே கழட்டினோம்."

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை நடந்தது. நீரில் மூழ்கி மரணம், வேறு காயமில்லை. டேங்கைச் சோதித்த நிபுணரும் எழுதிக் கொடுத்துவிட்டார்: காற்று சுத்தம், கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. பிறகென்ன? பயந்து செத்தாள் என்று எழுதிக் கேஸ் கட்டை மூட வேண்டியதுதான். மலர்விழியின் தாயிடம் ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, காலை 11.15.

தாய் சின்னபொண்ணு ஸ்டேஷனுக்கு வந்தாள். முகையூர்ப் பக்கம் கூலி வேலை. புருஷன் இல்லை, ஒரே பெண். ஒன்பது நாளாக அந்த வீட்டிலேயே இருந்து, பாடை சுமந்ததிலிருந்து அடுப்புக்கு விறகு ஒடிப்பது வரை எல்லாம் செய்கிற சந்தோஷ்தான் பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தான். அவன் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றான்.

"எங்க கையெழுத்துப் போடணும்மா?"

பவானி காகிதத்தை நீட்டினாள். சின்னபொண்ணு பேனாவை வாங்கவில்லை.

"பயந்துதான் செத்தாளாம்மா? அதைச் சொல்லு, போடுறேன். ஆறு வயசுல கெணத்துல குதிச்சவ அவ. உள்ள தண்ணிப் பாம்பு கெடந்தாலும் குதிப்பா. கல்லு ஒடைக்கிற ஊர்லேருந்து போய் கடலுக்கு அடியில நடந்தவ. அவ பயந்தான்னு எழுதினா, நாளைக்கு ஊரு என்னா சொல்லும்? கூலிக்காரி மவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு தானே கேக்கும்? கேட்டுக்கினுதான் இருக்குது. நெசமா பயந்தாளான்னு சொல்லு."

பவானிக்கு வெட்கமாக இருந்தது.

சின்னபொண்ணு மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "அவ எழுதினது. எனக்குப் படிக்கத் தெரியாது. பயந்த மாதிரி எதுனா எழுதியிருக்காளா பாரும்மா."

ஒவ்வொரு முங்கலுக்கும் ஒரு பக்கம்: தேதி, ஆழம், நேரம், பார்த்த மீன். நூற்றுப் பன்னிரண்டு முங்கல்கள். பயம் என்ற சொல் எங்கேயும் இல்லை. முதல் பக்கத்தில் வகுப்புக் குறிப்புகள். நாலாவது வரியில் பவானியின் விரல் நின்றது.

"வால்வு: கடைசி வரை திற. பழைய முறையில் திறந்துவிட்டுக் கால் சுற்று திருப்புவார்கள். நாம் திருப்பக் கூடாது."

"ராயப்பன்! அந்த மகஜரைக் கொண்டாங்க. ஜல்தி!"

ராயப்பனின் கட்டெறும்புக் கையெழுத்து அப்படியே இருந்தது: மேற்கொண்டு கால் சுற்று திறக்கிறது.

பவானி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னிக்குக் கையெழுத்து வேணாம்மா. நாளைக்குக் காலையில டைவிங் சென்டருக்கு வாங்க."

மாலை 5.30. விழுப்புரத்தில் அமலாவின் வீடு.

அன்று தண்ணீருக்குள் எடுத்த வீடியோ, அமலா நெற்றியில் கட்டியிருந்த கேமராவிலேயே கிடந்தது. அதைத் தொட அமலாவுக்கு மனசு வரவில்லை. பவானிதான் போட்டுப் பார்த்தாள். கலங்கிய பச்சைத் தண்ணீர். மலர்விழி முகத்தை நோக்கிக் கேமரா இறங்குகிறது. கண்ணாடிக்குள் கண்கள் சிரிக்கின்றன. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவள் அமலாவின் இரண்டு கைகளையும் பிடித்து நங்கூரக் கயிற்றில் வைக்கிறாள். இங்கேயே நில் என்று சைகை. புறங்கையில் இரண்டு தட்டு. அப்புறம், சந்தோஷ் போன பக்கம் நீந்திக் கலங்கலில் மறைந்துவிட்டாள்.

"என் டேங்குல இன்னொரு வாய்க்குழாய் இருந்துச்சு மேடம். அதை எடுத்திருக்கலாமே" என்று அமலா அழுதாள். "நான் மிரண்டுடுவேன்னு விட்டுட்டாளா? எனக்கு ஒண்ணுமே புரியலையே அப்போ."

பவானி வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி, நாலு தடவை மலர்விழியின் முகத்தைப் பார்த்தாள். ஐந்தாம் தடவைதான் அவள் மார்பில் செருகியிருந்த மீட்டரைப் பார்த்தாள். மலர்விழி மூச்சு இழுக்கும்போதெல்லாம் முள் சரேலென்று கீழே விழுந்தது. மூச்சு விட்டதும் மேலே ஏறியது. மறுபடி இழுத்தால் மறுபடி விழுந்தது.

அங்கிருந்தே டேங்க் நிபுணருக்குப் போன் போட்டாள். ஒரே கேள்வி. அவர் ஒரே வரியில் பதில் சொன்னார்.

புதன்கிழமை, காலை 9.00. டைவிங் சென்டர் கொட்டகை.

மூன்று டேங்குகள் வரிசையாக நின்றன. சின்னபொண்ணு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இந்தத் தொழில் தெரியாது. டேங்கை எப்படித் தொறக்கிறதுன்னு ஆளுக்கு ஒரு வாட்டி காட்டுங்க" என்றாள் பவானி.

சித்தார்த்தன் திறந்தார். குமிழ் முட்டும்வரை திருகி, கையை எடுத்துவிட்டார். ராஜவேலு எந்தப் பக்கம் திருகுவது என்று கேட்டுத் திறந்தார். அவரும் அவ்வளவுதான்.

சந்தோஷ் திறந்தான். குமிழ் முட்டியது. கை தானாகவே கால் சுற்று பின்னால் வந்தது.

சந்தோஷ் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வளைகுடாவுல பழகினதா?"

"ஆமா மேடம். வால்வு இறுகிக்கக் கூடாதுன்னு..."

"மலர்விழி டேங்கும் கால் சுற்று திரும்பியிருந்துச்சு. அவ திருப்ப மாட்டா, நோட்டுல எழுதி வெச்சிருக்கா. அப்போ கடைசியா வால்வைத் தொட்ட கை அவளுது இல்ல. இது ஒண்ணு. ரெண்டாவது, தண்ணிக்குள்ள எடுத்த வீடியோவுல மீட்டர் முள்ளு ஆடுது. வால்வு கிட்டத்தட்ட மூடிக் கெடந்தாத்தான் அப்படி ஆடுமாம். ஆனா கரைக்கு வந்தப்போ வால்வு நல்லா தொறந்திருந்துச்சு. செத்தவ எழுந்து தொறக்க மாட்டா. அவ செத்தப்புறம் யாரோ தொறந்திருக்காங்க, அதே கால் சுற்றுப் பழக்கத்தோட."

பவானி சந்தோஷ் அருகில் போனாள். அவளுக்குக் குரல் தாழ்ந்துவிட்டது.

"படகு ஓரத்துல அவ தோளுக்கு மேல கையைப் போட்டியே, கொஞ்சுறதுக்கு இல்ல. வால்வைப் பாக்கத்தானே?"

"ஆமா மேடம்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நல்லதுக்குத்தான் மேடம் பண்ணேன். எப்பவும் பின்னாடி நின்னு தொறப்பேன். அன்னிக்கு எதுர்ல நின்னேன், திருகுற பக்கம் மாறிப்போச்சு. திருகினேன், சுத்திக்கினே போச்சு. தொறக்க மறந்துட்டா, நல்லவேளை பாத்தோம்னு நெனச்சேன். முட்டினதும் கால் சுற்று திருப்பினேன். அவ தொறந்து வெச்சிருந்ததை நான் மூடியிருக்கேன்!"

அந்தக் கால் சுற்றுதான் அவளைக் கொன்றது. முழுக்க மூடியிருந்தால் ரெண்டு மூச்சுக்குமேல் வந்திருக்காது. தண்ணீரில் விழுந்த அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். கால் சுற்றுத் திறப்பு கடல் மட்டத்தில் போதும். ஆழத்தில் மூச்சு ஒவ்வொன்றுக்கும் கூடுதல் காற்று வேண்டும், அங்கே போதாது. மூச்சு இழுக்காத நேரத்தில் மீட்டரோ நிறையக் காற்று இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"அடியிலயே மேடம். தூக்கும்போது வால்வுல கை பட்டுச்சு, சுத்துச்சு. உடனே தெரிஞ்சிடுச்சு. காத்து வரட்டும்னு தொறந்தேன் மேடம், மறைக்க இல்ல. மேல வந்தப்புறம்தான்... சொல்ல வாய் வரல. முதலாளிதான், அவ பயந்துட்டான்னு சொன்னார். நானும் அதையே சொல்லிட்டேன்."

பவானி சின்னபொண்ணு பக்கம் திரும்பினாள்.

"உன் பொண்ணு பயப்படலைம்மா. பக்கத்துல இருந்தவங்ககிட்ட காத்தைப் பறிச்சிருந்தா பொழைச்சிருப்பா. அவங்க முதல் தடவை இறங்குறவங்க, மிரண்டுடுவாங்கன்னு, அவங்களைப் பத்திரமா கயித்துல நிறுத்திட்டு இவனைத் தேடிப் போயிருக்கா. கலங்கல்ல இவன் கண்ணுல படல. மேல ஏறுறதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு."

சின்னபொண்ணு எழுந்து வந்து சந்தோஷின் எதிரே குந்தினாள். அடிப்பாள் என்று ராயப்பன் ஓரடி முன்னால் வைத்தார். அவள் அடிக்கவில்லை.

"கை தவறிப்போச்சு. அதுக்கு நான் உன்னை ஒண்ணும் கேக்கல தம்பி" என்றாள். "பத்து நாளா எங்கூட்டுல இருந்தியே. அவ போட்டோ முன்னாடி குந்திக்கினு, பயந்தாங்கொள்ளி நாயே, என்னை நடுத்தெருவுல வுட்டுட்டுப் பூட்டியேன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேனே. திட்டித் திட்டித் தொண்டை கட்டினப்ப சுடுதண்ணி வெச்சுக் குடுத்தியேடா. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, 'திட்டாத அத்தே'ன்னு சொல்ல உனக்கு வாய் வரலியா?"

சந்தோஷ் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தொடவில்லை.

அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாகவும், உண்மையை மறைத்ததாகவும் அவன்மேல் வழக்கு. பொய் ரிஜிஸ்டருக்காகச் சித்தார்த்தன்மேல் தனி வழக்கு. இருவரும் ஜீப்பில் ஏறினார்கள்.

ராயப்பன் பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதியதைச் சின்னபொண்ணுவுக்குப் படித்துக் காட்டினார்: "இறந்தவர் கடைசி வரை பயப்படவில்லை. தன்னுடன் வந்தவரைப் பாதுகாத்துவிட்டே இறந்துள்ளார்."

"இன்னொரு வாட்டி படிங்க சார்" என்றாள் அவள்.

ராயப்பன் மறுபடி படித்தார்.

"இதை எம்மவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்று கேட்டுவிட்டுச் சின்னபொண்ணு கையெழுத்துப் போடக் குனிந்தாள்.